பழைய ஞாபகத்துக்கு மக்கள் ஏன் கூடுதல் காசு கொடுக்கிறார்கள்: குடியாத்தம் கடைக்காரத் தம்பிக்கு ஒரு பதில்

குடியாத்தத்தில் மளிகைக் கடை நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: தேன் மிட்டாய், கமர்கட், கோலி சோடா, மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி என்று அந்தக் காலத்துச் சரக்காகவே ஒரு ரேக் வைத்தால் ஓடுமா? பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் லீவுக்கு வரும்போதெல்லாம் இதற்கெல்லாம் கணக்குப் பார்க்காமல் காசு கொடுக்கிறாராம், அதைப் பார்த்து வந்த யோசனை. பழைய ஞாபகம் நிஜமாகவே ஜனங்களை வாங்க வைக்குமா, இல்லை நாலு மாதத்தில் அடங்கிவிடுகிற மோகமா என்பது அவர் சந்தேகம்.

வாங்க வைக்கும் தம்பி. முதல் தடவை கண்டிப்பாக வாங்க வைக்கும். இரண்டாம் தடவை வருவார்களா என்பது முழுக்க முழுக்கச் சரக்கைப் பொறுத்தது. நான் மார்க்கெட்டிங் படித்துவிட்டு, வாலாஜாவில் இருந்து வாணியம்பாடி வரை கடை கடையாகச் சரக்கு போட்டவன், இந்த விஷயத்தில் படித்ததும் உண்டு, கண்ணால் பார்த்ததும் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏக்கம் ஒருவரை எப்படி வாங்க வைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிரே காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். பாதி போர்டு வங்காளியில் இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வந்து, வாரக்கணக்கில் லாட்ஜ் ரூமில் தங்கி, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள். அவர்களுக்காகவே கடுகெண்ணெய், மசூர் பருப்பு, கசகசா, மீன் குழம்புச் சாப்பாடு எல்லாம் அந்தத் தெருக்களில் கிடைக்கிறது. ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது பார்த்தேன், கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு ஒரு பெரியம்மா வந்தார், ஒரு பொட்டலம் பொரியும் சின்ன பாட்டில் கடுகெண்ணெயும் வாங்கினார், பக்கத்தில் இருந்த மகனிடம் கொடுக்காமல் எண்ணெய் பாட்டில் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார். விலையைக் கேட்கவே இல்லை. அவர்கள் பக்கம் பொரியில் பச்சைக் கடுகெண்ணெய் விட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டுச் சாப்பிடுவார்கள், நம்ம ஊர் ஆளுக்கு அந்தக் காரம் மூக்கில் ஏறும். மருந்துச் செலவுக்கு ரூபாய் ரூபாயாக எண்ணுகிற அதே குடும்பம் இதற்கு மட்டும் ஏன் எண்ணுவதில்லை? அந்த எண்ணெயோடு அவர்களுக்கு வீடு வருகிறது, வீட்டில் இருக்கிற ஆட்கள் வருகிறார்கள்.

இந்த ஏக்கத்தை ஒரு காலத்தில் நோய் என்றே எழுதி வைத்திருந்தார்கள். 1688-ல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர், ஊரைவிட்டு வெளியே போனவர்கள் ஊர் நினைப்பிலேயே இளைத்துப் படுத்துவிடுவதைப் பற்றி ஒரு ஆய்வேடு எழுதினார். அப்புறம் வெகு காலத்துக்கு வெளிநாட்டுப் படைகளில் கூலிக்குச் சேர்ந்த சுவிஸ் சிப்பாய்களின் வியாதி என்றே இதற்குப் பெயர். இன்றைய ஆராய்ச்சியோ கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம் போய்விட்டது. லவ்லேண்ட், ஸ்மீஸ்டர்ஸ், மாண்டெல் என்ற மூன்று பேர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு விளையாட்டில் வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள், தங்கள் பழைய நாட்களை ஞாபகப்படுத்தும் பொருளையே மற்றவர்களைவிட அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் காலத்து பிஸ்கட்டைத் தின்ற பிறகு யாரோடாவது சேர்ந்து இருக்க வேண்டும் என்ற அந்தத் தவிப்பும் குறைந்தது. தனியாக இருப்பவனுக்குப் பழைய பொருள் ஒரு துணை. பெங்களூரில் பிஜி ரூமில் தங்கி வேலை பார்த்துவிட்டு குடியாத்தம் ஸ்டேஷனில் இறங்குகிற உங்கள் அண்ணனுக்கும், பாபு ராவ் தெருவில் கடுகெண்ணெய் வாங்கிய அந்த அம்மாவுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் எண்ணம்.

காசு விஷயத்துக்கு நேரடியான ஆய்வும் இருக்கிறது. லாசலெட்டா, செடிகிடீஸ், வோஸ் ஆகியோர் 2014-ல் வெளியிட்டது. பழைய நாட்களை நினைக்க வைத்த பிறகு, பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். காரணம் அந்தப் பொருள் உசத்தியாகத் தெரிந்தது என்பதைவிட, கையில் இருக்கிற பணத்தின் மேல் இருந்த பிடி தளர்ந்தது. மனுஷர்கள் நம்மோடு இருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால் பணம் அவ்வளவு அவசியமாகத் தெரிவதில்லை என்பது அவர்கள் விளக்கம். கல்லாவில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு இது தினமும் கண் முன் நடப்பதுதான், துவரம்பருப்புக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசுகிறவர் கமர்கட் ஜாடியைப் பார்த்ததும் "பத்து கொடுப்பா" என்பார்.

எந்தப் பொருள் யாரைப் பிடிக்கும் என்பதற்கு வயசுக் கணக்கு ஒன்று உண்டு. ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற இருவர் 1989-ல் பல வயதுக்காரர்களுக்குப் பல காலத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டிக் கேட்டார்கள். தங்களுக்கு 24 வயசு பக்கம் இருந்தபோது வந்த பாட்டைத்தான் ஆட்கள் அதிகம் விரும்பினார்கள். தின்பண்டத்துக்கு இந்த வயசு இன்னும் கீழே இறங்கும், பள்ளிக்கூட வாசல் வயசு. அதிலும் வாசனை ரொம்ப முன்னாடியே பதிந்துவிடுகிறது. மற்ற புலன்களுக்கு இருக்கிற சுற்றுவழி இல்லாமல் வாசனைச் செய்தி, மூளையில் உணர்ச்சியையும் ஞாபகத்தையும் பார்த்துக்கொள்கிற பகுதிக்கு நேராகவே போகிறது, ஒரு பழைய பவுடர் டப்பாவைத் திறந்ததும் செத்துப்போன பாட்டி பக்கத்தில் நிற்பதுபோல் இருப்பது அதனால்தான். அதனால் கடைக்கு வருகிறவர்களில் யார் அதிகம் என்று முதலில் பாருங்கள். இப்போது 40 வயசு என்றால் 90-களில் பள்ளிக்கூடம் போனவர், அவருக்குத் தேன் மிட்டாய், எலந்தவடை, மகா லாக்டோ. 65 என்றால் மிட்டாய் வேலைக்கு ஆகாது, பல்பொடியும் சந்தன சோப்பும் பன்னீர் சோடாவும் கேட்பார்.

மகா லாக்டோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதைப் போட்ட நியூட்ரின் கம்பெனி 1952-ல் சித்தூரில் ஆரம்பித்தது, வேலூரில் இருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். 1911-ல் தனி மாவட்டமாகப் பிரிகிற வரைக்கும் சித்தூர் நம்ம வட ஆற்காட்டின் தலைநகர்தான். ஒரு வகையில் அது நமக்குப் பக்கத்து வீட்டு மிட்டாய். 2006-ல் கோத்ரெஜ் கைக்குப் போய், அப்புறம் அமெரிக்கக் கம்பெனியான ஹெர்ஷீஸ் கைக்குப் போய்விட்டது. கடையில் அதைக் கேட்டு வாங்குகிறவர் யாருக்கும் இந்தக் கைமாற்றம் பற்றிக் கவலை இல்லை. ஞாபகம் ஒட்டிக்கொள்வது பேரிலும் பேப்பரிலும் நாக்கிலும்தான், முதலாளி மேல் அது ஒட்டுவதே இல்லை. பெரிய கம்பெனிகள் செத்துப்போன பழைய பேர்களைக் காசு கொடுத்து வாங்குவதற்கு இதுதான் காரணம், புதுப் பேரை ஜனங்கள் மனசில் பதிய வைக்க ஆகிற செலவில் பாதி அங்கே ஏற்கெனவே முடிந்திருக்கும்.

காம்பாவைப் பாருங்கள். 1977-ல் கோகோ கோலா இந்தியாவைவிட்டுப் போன பிறகு ஓடு ஓடென்று ஓடின கோலா, 90-களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் திரும்பி வந்ததும் மங்கிப்போனது. 2022-ல் ரிலையன்ஸ் அந்தப் பேரை வாங்கி 2023-ல் திரும்ப இறக்கியது. பத்திரிகைகள் எல்லாம் பழைய நினைவு திரும்புகிறது என்று எழுதின. ஆனால் கடைகளில் அதை வாங்கிக் குடிக்கிற பையன்கள் அது மங்கின பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்கு அதில் என்ன நினைவு இருக்கப்போகிறது? 200 மில்லி பாட்டில் 10 ரூபாய் என்பதும், பெட்டிக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது என்பதும்தான் அதை ஓட்டுகிறது. பழைய பேர் செய்தது அறிமுக வேலை மட்டும். ஜாவா பைக் 2018 நவம்பரில் திரும்பி வந்தபோது ஒன்றரை மாதத்துக்குள்ளேயே அடுத்த வருஷம் செப்டம்பர் வரைக்கும் தயாராகிற வண்டி அத்தனையும் புக் ஆகிவிட்டது, அந்த வேகம் அப்படியே நிற்கவில்லை, புல்லட் விற்கிற எண்ணிக்கைக்குக் கிட்டேகூட வர முடியவில்லை. ஏக்கம் ஒரு தடவை ஆளைக் கடைக்குக் கூட்டி வரும், அவ்வளவுதான் அதன் வேலை.

சரி, ருசிதான் எல்லாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1985 ஏப்ரலில் கோகோ கோலா தன் பழைய ருசியை மாற்றியது. மாற்றுவதற்கு முன் கிட்டத்தட்ட 2 லட்சம் பேரிடம் பேர் சொல்லாமல் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள், புதுசுதான் நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். ஆனால் பழையது இனி கிடைக்காது என்று தெரிந்ததும் ஜனங்கள் கொதித்துப்போய், 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது. நாக்குக்குப் பிடித்ததும் மனசுக்குப் பிடித்ததும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வியாபாரத்தில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது கார்வான் ரேடியோ. 2017-ல் சரிகம கம்பெனி போட்டது, பழைய பாட்டு 5,000 உள்ளேயே ஏற்றிக் கொடுத்தார்கள், தமிழிலும் வந்தது. விலை 6,000 ரூபாய் பக்கம். அதே பாட்டெல்லாம் போனில் சும்மாவே கிடைக்கிற காலத்தில் அது லட்சக்கணக்கில் போனது. வாங்கினவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் புரியும். வேலூர் சத்துவாச்சாரி ஃபேஸ் டூ பக்கம் எனக்குத் தெரிந்த வீடுகளில் அந்தப் பெட்டி இருந்தால், அது பெங்களூரில் இருந்தோ துபாயில் இருந்தோ பையனோ பெண்ணோ அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்ததாகவே இருந்தது. அப்பாவுக்கு அது பழைய பாட்டு. பையனுக்கு அது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வராண்டாவில் ரேடியோ பாடிக்கொண்டிருக்க அப்பா ஷேவ் பண்ணின அந்தக் காலம், கூடவே இப்போது பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்கிற உறுத்தலும். இரண்டு பேருடைய ஏக்கத்தையும் ஒரே பெட்டியில் விற்றார்கள். வாங்குகிறவர் ஒருவர், அனுபவிக்கிறவர் இன்னொருவர் என்றால் யாரும் பேரம் பேச மாட்டார்கள். தம்பி, உங்கள் கடையில் தீபாவளிக்கு மிட்டாய் பெட்டியைப் பரிசாகக் கட்டிக் கொடுத்தால் ஜாடியில் விற்பதைவிட நன்றாகப் போகும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

தான் வாழாத காலத்துக்கும் ஆட்கள் ஏங்குவார்கள். சென்னை பெங்களூர் ஹைவேயில் பித்தளை டபராவைப் பெரிசாக வரைந்து கும்பகோணம் டிகிரி காபி என்று போர்டு வைத்த கடைகளில் நிற்கிற கார்க்காரர்களில் கும்பகோணத்தைப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? மரச்செக்கு எண்ணெயும் அப்படித்தான். வாங்குகிற 30 வயசுக்காரர் செக்கு ஓடிப் பார்த்ததே இல்லை. பாட்டி காலத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது, இன்று எல்லாம் கலப்படம் என்று ஒரு சித்திரம் மனசில் இருக்கிறது, அதற்குத்தான் அவர் காசு கொடுக்கிறார்.

இந்த "அந்தக் காலத்துச் சுத்தம்" என்ற பேச்சை மட்டும் நம்ம பக்கத்து ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக்கூடாது. 90-களை நாம் தேன் மிட்டாயாகவும் தூர்தர்ஷனாகவும் ஞாபகம் வைத்திருக்கிறோம். அதே 90-களில்தான் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு பாலாற்றில் இறங்கி, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போய், வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது, சூழலைக் கெடுத்தவன்தான் அதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் உறுதியாக்கின தீர்ப்பு அது. நினைவு கசப்பைக் கழுவிவிட்டு இனிப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும். அது மனுஷ சுபாவம், தப்பு சொல்ல முடியாது. ஆனால் பழசு என்பதாலேயே ஒரு பொருள் சுத்தம் என்று போர்டு எழுதி விற்றால் அது பொய், அந்த போர்டை உங்கள் கடையில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு இதில் உறுதியான ஒரு அபிப்பிராயம் உண்டு. ஏக்கத்தை வைத்து இரண்டு விதமான வியாபாரம் நடக்கிறது. ஒன்றில், கொடுக்கிற கூடுதல் காசு அந்தப் பொருளைச் செய்கிற கைக்குப் போய்ச் சேர்கிறது, அந்தத் தொழில் இன்னும் பத்து வருஷம் உயிரோடு இருக்கும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூருக்குப் பக்கத்தில் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் பரம்பரையாகப் பயிர் செய்தது, காம்பில் முள் குத்தும், எண்ணெயில் வதக்கினால் வெண்ணெய் மாதிரி கரையும், பிரியாணிக்குக் கத்திரிக்காய்ப் பச்சடி வைக்கிற நம்ம பக்கத்துக்கு அது பெரிய சொத்து. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய ருசி என்று கேட்டு நாலு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குகிறவர்கள் இருந்தால்தான் ஹைபிரிட் காய்க்கு மாறாமல் அந்த விதையை யாராவது வைத்திருப்பார்கள். ஊருக்குள்ளே கோலி பாட்டிலைத் திருப்பி வாங்கிக் கழுவி நிரப்புகிற சோடாக்காரரும் அப்படித்தான். ஹைரம் காட் என்ற வெள்ளைக்காரர் 1872-ல் காப்புரிமை வாங்கின பாட்டில் அது, உள்ளே இருக்கிற கேஸே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அடைத்துக்கொள்கிறது, மூடியே வேண்டாம்.

இன்னொரு விதத்தில் காசு லேபிளுக்குப் போகிறது. "90ஸ் கிட்ஸ்" என்று அச்சடித்த ஒரு மிட்டாய் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கமர்கட் என்றால் வெல்லப்பாகும் தேங்காயும். அந்தப் பெட்டியில் சேர்மானப் பட்டியலில் முதலில் இருந்தது சர்க்கரை, அடுத்து லிக்விட் குளுக்கோஸ், தேங்காய் கடைசிக்குப் பக்கம். எடை அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம், அதனால் அந்தப் பட்டியலைப் படித்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும். எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் கிலோ விலை நல்ல முந்திரி கேக்கைத் தொட்டது. அதை வாங்கின ஆள் இரண்டாம் தடவை வருவாரா? பெட்டியைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டதும் இது அது இல்லை என்று நாக்கு சொல்லிவிடும், அந்த ஏமாற்றத்தை அவர் கடைக்காரர் கணக்கில்தான் எழுதுவார்.

எச்எம்டி வாட்ச் விஷயத்திலும் இதுதான் நடக்கிறது, கம்பெனி மூடின பிறகு ஜனதா, பைலட் மாடல்களுக்குத் தேவை ஏறிப்போய், டயலுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்து, உள்ளே நாலு வாட்சின் பாகத்தைச் சேர்த்து அசல் என்று விற்கிறார்கள். அப்பா கட்டியிருந்த வாட்ச் என்று தேடுகிறவர்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்.

இனி உங்கள் ரேக்குக்கு வருவோம். செக்கு எண்ணெய் தாராளமாக வையுங்கள், ஆனால் செக்கு போட்டிருக்கிற ஆளை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வையுங்கள், நம்ம பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, பஞ்சமே இல்லை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஆட்ட ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்கி, பிண்ணாக்கு விற்று வருகிற காசைக் கழித்துப் பாருங்கள், அதற்கும் கீழே யாராவது செக்கு எண்ணெய் கொடுக்கிறேன் என்றால் எடுக்காதீர்கள். கருப்பட்டியில் சர்க்கரை கலப்பு சகஜம், ஒரே ஆளிடம் வாங்கிப் பழகுங்கள், முதல் தடவை கொஞ்சமாக எடுத்து வீட்டில் காபி போட்டுப் பாருங்கள். மிட்டாயில் பெட்டிச் சரக்கைவிட, வெல்லப்பாகில் கமர்கட் பிடிக்கிற வீட்டு ஆட்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு, கண்ணுக்கு நேராக, கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் தொங்கவிட்டால் அதே மிட்டாய் பாதிகூட ஓடாது. கோலி சோடாவுக்கு பாட்டில் டெபாசிட் வாங்குவதா வேண்டாமா என்று முதல் நாளே முடிவு பண்ணிவிடுங்கள், உடைகிற பாட்டிலில்தான் லாபம் போகும்.

மிட்டாயில் ஒரு மாதத்துக்கு மேல் சரக்கு எடுக்க வேண்டாம். வெளியூரில் இருப்பவர்கள் ஊருக்கு வருவது பொங்கல், தீபாவளி, அப்புறம் வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரங்களுக்குப் பத்து நாள் முன்னாடி இரண்டு பங்கு ஆர்டர் போடுங்கள், அந்தச் சமயத்தில் மட்டும் மிட்டாய் ரேக் முன்னால் இருக்கட்டும், மற்ற மாதங்களில் அந்த இடத்தை எண்ணெய்க்குக் கொடுத்துவிடுங்கள்.